ஸ்ரீவில்லிபுத்தூரில் வற்றுகிற கால்

என் வீட்டுக்காரருடைய இடது கால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தால் வற்றும், ராஜபாளையம் வந்தால் வீங்கும். இரண்டு ஊருக்கும் நடுவே ஏழு மைல்தான். ரயிலில் ஏறி, மூட்டையை வைக்க இடம் பார்த்து, உட்காருவதற்குள் ஊர் வந்துவிடும். அந்த ஏழு மைலில் ஒரு காலுக்கு என்ன ஆகிவிடும்? ஒன்றரை வருஷம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் பழி என் தலையில் விழுந்தது. நான் ஆக்கிப் போடுகிற சோற்றினால்தான் கால் வீங்குகிறது என்று என் மாமியார் முடிவு கட்டிவிட்டாள்.

நான் செல்லக்கனி. பிறந்தது வத்திராயிருப்பு. ராஜபாளையத்தில் வாக்கப்பட்டேன். அவர் பெயர் சத்தியநேசன், ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் கான்ஸ்டபிள். குடும்பத்தோடு இருக்கப் போலீஸ் லைன் குடியிருப்பில் அவருக்கு வீடு கிடைக்கவில்லை. இன்னொரு கான்ஸ்டபிளோடு ஒரு அறையில் இருந்தார். மாதத்தில் நாலு நாள் லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமியார் ஏசம்மாளும்தான். மாமியார் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் முதல் பாயில் உட்காருகிறவள். ஆனால் அவள் காதில் விழுந்தது எதுவும் அன்று பொழுது சாய்வதற்குள் தெருக்கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவளுக்கே அது தெரியாது.

கல்யாணமான மறுவருஷம் ஐப்பசி மழையில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொண்டு, இடது கால் செக்கச்செவேலென்று ஆகி, தொட்டால் அலறினார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. வீக்கம் விடவில்லை. விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, செத்த நேரம் கழித்துத்தான் மேடாகும். அதற்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டோம். "கால்ல நீர் எறங்கியிருக்கு" என்பாள் மாமியார். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

யானைக்கால் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் வேலை போய்விடும். வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய அதிகாரி வந்து பரேடு பார்ப்பார். ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, உடம்பைப் பார்த்து, ஆகாதவனுக்கு 'அன்பிட்டு' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அன்பிட்டு வாங்கின போலீஸ்காரன் நிலைமை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆகவே லீவில் வந்தால் அவர் வாசலுக்கே வரமாட்டார். தரை கூட்டுகிற மாதிரி வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு அடுப்படியில் முக்காலியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார். மாமியார்கூட இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்து நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

வந்து இறங்குகிற அன்று கால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் கணுக்கால் மறையும். மூன்றாம் நாள் முழங்கால் வரைக்கும் ஒரே கனம். நாலாம் நாள் நொண்டிக்கொண்டு ரயிலேறுவார். அடுத்த மாதம் பார்த்தால் மறுபடியும் வற்றியிருக்கும். எனக்குத் தலை சுற்றும்.

முதலில் தண்ணீரைச் சொன்னோம். ராஜபாளையத்துத் தண்ணீரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மலையிலிருந்து வருகிற தண்ணீர். வெளியூர்க்காரர்கள் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்பார்கள். இருந்தாலும் மாமியார் மகனிடம் சொன்னாள்.

"ஏலே, அந்த ஊர்த் தண்ணிதான் ஒனக்கு ஒத்துக்கிடுது. வரும்போது ஒரு கொடம் கொண்டாந்துரு. நாலு நாளும் அதையே குடி."

அவரும் மறுமாதம் போலீஸ் லைன் கிணற்றுத் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் மொண்டு, வாயைத் துணியால் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வரும்போதே சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மாமியார் குடத்தின்மேல் கை வைத்து ஜெபம் பண்ணினாள். நாலு நாளும் அந்தத் தண்ணீரில்தான் சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன். கால் வழக்கம்போல வீங்கியது. அதற்கு மறுமாதமும் குடம் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. மொத்தம் ஐந்து குடம். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா வாசலில் நின்று, "ஏமம்மா, உங்க வீட்டுக்காரரு தண்ணி விக்கிறாரா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

தண்ணீர் போய் உப்பு வந்தது. உப்புதான் நீரைப் பிடித்து வைக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். உப்பைக் குறைத்தேன். பிறகு கருவாடு. என் மாமியாருக்குக் கருவாடு என்றால் உயிர். ஒரு துண்டு நெத்திலியை வைத்துக்கொண்டு ஒரு சட்டிப் பழைய சோற்றை உள்ளே தள்ளுவாள். அவள் கோயிலில் போய்ப் பொருத்தனை பண்ணிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எம்மகன் கால் வத்துற வரைக்கும் நான் கருவாட்டக் கையால தொடமாட்டேன்."

அன்றிலிருந்து தொடவில்லை. தெருவில் யார் வீட்டிலாவது வறுத்தால் வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்காருவாள். அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். அதற்கும் கால் வற்றவில்லை.

பாயைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அடுப்பை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் முடிந்து, அந்த வீட்டில் மாற்றாத ஒரே பொருள் நான்தான் என்று ஆயிற்று. ஒருநாள் நான் அவருக்குச் சோறு போடும்போது மாமியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி செல்லக்கனி, அங்க ஓட்டல்ல ஆம்பள ஆக்குறதத் திங்கான், கால் வத்துது. இங்க நீ ஆக்குறதத் திங்கான், வீங்குது. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அத்தை, கோயிலுக்குப் போற வாயால கைராசிங்கீகளே!"

"நான் எங்க சொன்னேன்? கால் சொல்லுது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து அது கூழாகிவிட்டது.

வைகாசியில் என்னை வத்திராயிருப்புக்கு அனுப்பினார்கள். "மூணு மாசம் இருந்துட்டு வா. கால் என்ன செய்யுதுன்னு பாப்போம்" என்றாள் மாமியார். என் துணிமணி உள்ள தகரப் பெட்டியை எடுத்துப் போகவேண்டாம் என்றாள். பெட்டி அங்கே இருக்கிறது, ஆகவே நான் திரும்ப வருவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் அய்யா எலியேசர் தென்னந்தோப்புக் காவல் பார்க்கிறவர். அம்மா இல்லை. காரணம் என்ன என்று அவரிடம்கூட நான் சொல்லமுடியாது. சொன்னால் காலைச் சொல்லவேண்டும். காலைச் சொன்னால் வேலை போகும். ஊர்ப் பெண்கள் முதல் மாதம் "என்ன, விசேஷமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். இரண்டாம் மாதம் என் வயிற்றைப் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் கேட்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கேட்டபோது வந்த எரிச்சலைவிடக் கேட்காதபோது வந்த எரிச்சல்தான் அதிகம்.

அப்போது மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவளே எழுதுவாள்.

"அன்புள்ள மருமகளுக்கு. நீ போனதிலிருந்து லீவே கிடைக்காமல் இருந்த சத்தியநேசன் போன வியாழக்கிழமை டூட்டி விஷயமாக இந்த ஊருக்கு வந்தவன், உடுப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு பகல் முழுக்க வீட்டில் இருந்தான். இரண்டு வேளை என் கையால் சாப்பிட்டான். சாயங்காலம் கால் கழுவ அவிழ்த்தபோது பார்த்தேன். கால் வற்றி நரம்பு தெரிகிறது. இந்த வீட்டில் இருந்துதான் வற்றியிருக்கிறது. இனி நான் விவரமாக எழுதவேண்டியதில்லை. உன் பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். தக்க ஆள் வந்தால் கொடுத்து அனுப்புவேன்."

ஏழெட்டுத் தடவை படித்தேன். பெட்டியைக் கட்டிவிட்டாள். பெட்டி வந்துவிட்டால் அப்புறம் எனக்கு அந்த வீட்டில் ஒரு துரும்புகூட இல்லை. ஆத்திரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று மாதமாக அய்யாவுக்கும் நான்தான் ஆக்கிப் போடுகிறேன். தினமும் விடிந்ததும் அய்யாவின் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். இடது கால், பிறகு வலது கால்.

"ஏட்டி, எதுக்கு எங்கால மொறச்சு மொறச்சுப் பாக்க?" என்றார்.

"சும்மாதான் அய்யா."

பத்து நாள் பார்த்தேன். அய்யாவின் இரண்டு காலும் காய்ந்த தென்னமட்டை மாதிரி அதுபாட்டுக்கு இருந்தன. அத்தை போட்ட இரண்டு வேளைச் சோற்றில் ஒரு கால் வற்றுமென்றால், நான் போட்ட மூன்று மாதச் சோற்றில் அய்யாவுக்கு ஒரு சுண்டுவிரலாவது வீங்கவேண்டாமா? பதினோராம் நாள் காலையில், "அய்யா, நான் அவியளப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்" என்றேன். அய்யா ஒன்றும் கேட்காமல் பஸ் ஏற்றிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல்நாள்தான் ஆடிப்பூரத் தேர் ஓடியிருந்தது. தெருவெல்லாம் நசுங்கின பூவும் ஓலைக் குப்பையுமாகக் கிடந்தது. போலீஸ் லைனில் ஆள் நடமாட்டமே இல்லை. மூன்று நாள் நின்ற நிலையில் பந்தோபஸ்து பார்த்துவிட்டு அன்று விடியத்தான் வந்து எல்லாரும் படுத்திருந்தார்கள். அவரோடு ஒரே அறையில் இருக்கிற கான்ஸ்டபிள் உக்கிரபாண்டி மட்டும் வெளியே கயிற்றில் துவைத்த துணியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மீசை பெரிசு, மனுஷன் சாது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வா தாயி. உள்ளதான் படுத்துக் கெடக்கான். தேரோட்டத்துல நின்னு நின்னு ரெண்டு பேருக்கும் கால் செத்துப்போச்சு."

கயிற்றில் காக்கி நிறத்தில் நீள நீளமாகக் கம்பளித் துணி தொங்கியது. போலீஸ்காரர்கள் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் சுற்றிக்கொள்வார்களே, பட்டீஸ் என்பார்கள், அதுதான். ஒரு பேச்சுக்கு எண்ணினேன். ஐந்து இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு ஆளுக்கு எத்தனை பட்டீஸ் குடுப்பாக?"

"ரெண்டு கால், ரெண்டு பட்டீஸ்."

"நீங்க ரெண்டு பேரு. நாலுதான வேணும்?"

உக்கிரபாண்டி கையிலிருந்த சட்டையை உதறினார். இன்னொரு தடவை உதறினார்.

"ஒன் வீட்டுக்காரன் எடது கால்ல கீழ ஒண்ணு, மேல ஒண்ணு சுத்துதான் தாயி. பென்சன் வாங்கிப் போன ஒரு ஏட்டையாகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கி வச்சிருக்கான். ஏம்லே ரெண்டுன்னு கேட்டேன். குளிருதுங்கான்."

"சித்திரை வெயில்லயுமா குளுருது?"

"நான் ஒண்ணும் பாக்கல தாயி. பாத்தா ரிப்போட்டு எழுதணும். அதனால நான் பாக்கல."

உள்ளே போனேன். அவர் மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இடது காலுக்கு அடியில் தகரப் பெட்டி, அதன்மேல் மடித்த கம்பளி. கால் தலையைவிட உசரத்தில் இருந்தது. கணுக்கால் எலும்பு தெரிந்தது. விரல் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து முழங்கால் வரைக்கும், துணி சுற்றின தடம் வரிவரியாகப் பதிந்து கிடந்தது. வலது காலிலும் தடம் இருந்தது, ஆனால் லேசாக. மூன்று நாள் வெயிலில் நின்றவர் கால். வீட்டில் முக்காலியில் உட்கார்ந்தே வீங்குகிற கால். "உடுப்பைக்கூடக் கழற்றாமல்" என்று மாமியார் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது.

இதுதானா? இந்தத் துணிதானா? சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. மருந்து கையிலேயே இருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை, பாவம், எழுப்பிச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் வெளியே கயிற்றில் தொங்குகிற மூன்றாவது பட்டீஸ் கண்முன்னால் வந்தது. தெரியாதவர் எதற்கு இன்னொன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்?

"என்னங்க" என்றேன்.

கண் விழித்தவர் என்னைப் பார்த்ததும் முதலில் செய்தது, அடியில் கிடந்த கம்பளியை உருவி அந்தக் காலை மூடினதுதான்.

"எப்ப வந்த?"

"அத விடுங்க. துணியச் சுத்துனா கால் வத்துதுன்னு எப்பலேருந்து தெரியும்?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். வாசல் பக்கம் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டார்.

"போன வருசத்துக்கு முந்துன மார்கழி. ஒரு கைதிய மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். ரெண்டு நாள் பட்டீஸ அவுக்கவே நேரமில்ல. வந்து அவுத்துப் பாத்தா கால் பாதியா இருந்துச்சு. பொறவு வெரல்லேருந்து இறுக்கிச் சுத்திப் பாத்தேன். இன்னும் வத்துச்சு."

நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். மார்கழி. அதற்குப் பிறகு தை, மாசி.

"மொத தண்ணிக் கொடம் பங்குனியில வந்துச்சு."

அவர் கம்பளியைக் காலின்மேல் இன்னும் இழுத்து விட்டுக்கொண்டார்.

"கொடத்த மடியில வச்சுக்கிட்டு ஏழு மைலு வந்தீகளே, அப்பயே தெரியும். அத்தை கொடத்து மேல கைய வச்சு ஜெபம் பண்ணும்போது கண்ண மூடிக்கிட்டு ஆமென்னு சொன்னீக. அப்பயும் தெரியும். அஞ்சு கொடம். எங்கைய ஆகாத கையின்னு சொல்லும்போது சோத்தப் பெசஞ்சுக்கிட்டு இருந்தீகளே, அப்பயும் தெரியும்."

"செல்லக்கனி, மெல்லப் பேசு. வீட்ல காக்கித் துணியச் சுத்திக்கிட்டு உக்காந்தா அம்மா கேப்பா. தண்ணியால வீங்குது, சோத்தால வீங்குதுன்னா, அது இன்னைக்கு வந்து நாளைக்குப் போற வீக்கம்னு வாய மூடிக்கிட்டு இருப்பா. தெனமும் கட்டுனாத்தான் நிக்கும்னு தெரிஞ்சா, தீராத சீக்குன்னு ஒப்பாரி வச்சு ஊரக் கூட்டிருவா. தெரு அறிஞ்சா ஸ்டேசன் அறியும். வேல போச்சுன்னா மூணு பேரும் எங்க போறது?"

"அதுக்கு நான் போனாப் பரவால்லயா?"

"மூணு மாசம்தான்னு நெனச்சேன்."

"பெட்டியக் கட்டியாச்சு, தெரியுமா?"

தெரியும் என்று அவர் முகம் சொன்னது. எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுஷரை அடிக்கலாமா என்று வந்தது. அவர் சொல்வதிலும் பொய் இல்லையே என்றும் வந்தது. வேலை போனால் கஞ்சிக்கு வழியில்லை, அது நிஜம். என் பெயர் நாறிப்போனது, அதுவும் நிஜம். எதை எடுத்து எதோடு வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. விறுவிறுவென்று வெளியே வந்தேன். கயிற்றிலிருந்து ஒரு பட்டீஸை உருவினேன். இன்னும் ஈரம். சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் வாசலுக்கு ஓடிவந்தார். "ஏட்டி, என்ன பண்ணுத? வெள்ளிக்கிழமை பரேடு இன்ஸ்பெக்சன். ஒண்ணக் கட்டிக்கிட்டா மூணு நாள்ல வீங்கிரும். வேட்டியக் கிழிச்சுக் கட்டுனா நிக்காது, வழுகிரும்."

"வீங்கட்டும். இது ராஜபாளையத்துல இருக்கும். வந்து, அத்தை முன்னால கேட்டு வாங்கிக்கிடுங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. உக்கிரபாண்டி சுவர்ப் பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் இதையும் பார்க்கவில்லை.

மத்தியான ரயிலில் ராஜபாளையம் வந்து வீட்டுக்குள் நுழைந்தேன். என் பெட்டி கயிறு போட்டுக் கட்டி நடுவீட்டில் இருந்தது. மாமியார் இடுப்பில் கை வைத்தாள்.

"பெட்டிக்கு ஆள் அனுப்புன்னு எழுதுனா நீயே வந்துட்டியா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள போயிருதேன் அத்தை. அது வரைக்கும் இருந்துக்கிடுதேன்."

என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. அவளே ஆக்கினாள், அவளே போட்டாள். நான் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். நானும் காலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அது அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். நான் சொன்னால் பொண்டாட்டி கட்டின கதை என்று ஆகிவிடும்.

புதன்கிழமை அவர் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. வராமலே இருந்துவிட்டால்? வீங்கின காலோடு பரேடில் நின்றால்? அவர் ஒளித்துக் காப்பாற்றின வேலையை என் கோபம் ஒரே நாளில் தின்றுவிடுமே. பட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன். அப்புறம் அந்தக் குடம் கண்ணில் பட்டது. அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுக்க எழுவதும் உட்காருவதுமாக இருந்ததைப் பார்த்து, "என்னட்டி, வயித்து வலியா?" என்று மாமியார் கேட்டாள்.

வியாழக்கிழமை சாயங்கால ரயிலில் வந்தார். வாசலில் ஏறும்போதே காலை இழுத்து இழுத்து வைத்தார். பட்டீஸ் முழங்காலுக்கு முக்கால் சாண் கீழேயே முடிந்துவிட்டது. அந்த அளவுக்குக் கால் தடித்திருந்தது. மாமியார் அலறிக்கொண்டு ஓடினாள்.

"பாத்தியா! இவ வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு. அங்க இருக்குறவன் காலு இங்கேருந்தே வீங்குது!"

நான் அவரைத்தான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கதவைத் திரும்பிச் சாத்தினார்.

"செல்லக்கனி, அந்தத் துணியக் குடு."

"எந்தத் துணி?" என்றாள் மாமியார்.

"எங்காலு துணி. அதக் கட்டுனாத்தாம்மா கால் வத்தும். கட்டாட்டி வீங்கும். அங்க உடுப்புக்காகத் தெனமும் கட்டுதேன், வத்துது. இங்க அவுத்துப் போட்டுட்டு உக்காந்துருக்கேன், வீங்குது. தண்ணியுமில்ல, உப்புமில்ல." இங்கே நிறுத்தினார். "இவ கையுமில்ல."

"யாருலே சொன்னது?"

"எனக்குத் தெரியும். ஒன்றரை வருசமாத் தெரியும்."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மன்னிப்பு என்று ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"அடப்பாவி! ஒன்றரை வருசமா? நான் ஒரு வருசமாக் கருவாடு திங்காமக் கெடந்தேனேலே!"

சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போன வாய் கோணிக்கொண்டு நானும் அழுதுவிட்டேன். இரண்டு பெண்கள் இரண்டு மூலையில் அழ, போலீஸ்காரர் நடுவில் ஒரு காலில் நின்றார்.

முதலில் கண்ணைத் துடைத்தது மாமியார்தான். "சத்தம் போடாதட்டி, எதிர்வீட்டுக்காரி எட்டிப் பாப்பா" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. எழுந்துபோய் என் பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் இழுத்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். திரும்பி வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை என் முன்னால் வைத்தாள். நெத்திலிக் கருவாடு.

"நீயே வறு" என்றாள். செத்த நேரம் கழித்து, "ஒங்கையால வறு" என்றாள்.

வறுத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவர் காலைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்துப் படுத்துக்கொண்டார். விடியற்காலையில் நான்தான் கட்டினேன். விரல் இடுக்கெல்லாம் கழுவி ஈரம் போகத் துடைத்து, அவர் சொல்லிக் கொடுத்தபடி விரலிலிருந்து ஆரம்பித்து, கீழே இறுக்கமாக, மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்த்தி. அதன்மேல் இரண்டாவது. காலை ரயிலில் போனார். பரேடில் அதிகாரி அவர் மீசையைச் சரியாக நறுக்கவில்லை என்று மட்டும் சொன்னாராம்.

அதற்குப் பிறகு லீவில் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் கட்டுகிறேன். மாமியார் பட்டீஸைத் துவைத்து உள்முற்றத்தில் தன் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப் போடுகிறாள். தெருவில் அவள் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை விடவில்லை. அந்த வாயை நம்பாமல்தான் இவர் என்னை விட்டுக்கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலை முக்கியம்தான். அம்மாவுக்குப் பயந்தார், சரி. ஆனால் அந்தக் குடம்? ஐந்து தடவை எப்படிச் சுமந்தார்? ஒருநாள் கேட்டேவிட்டேன். "எனக்கே தெரியல செல்லக்கனி" என்றார். நிஜமாகவே தெரியாத மாதிரிதான் முகம் இருந்தது. மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது.

காலைக் கட்டும்போது சில நாள் அந்த நினைப்பு வந்துவிடும். கை தானாக இறுக்கிவிடும். "வலிக்குதா?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். குனிந்து பார்த்தால் விரலெல்லாம் நீலம் பாரித்திருக்கும். அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் கட்டுவேன்.